ஐந்தெழுத்து

தலைப்பைப் பார்த்ததும் நெற்றியில் விபூதியைத் தீற்றிக் கொண்டு பக்தியோடு படிக்க உட்கார்ந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது நமசிவாய மந்திரம் அல்ல, இங்கிலீஷ் வார்த்தை. ஐந்தே ஐந்து எழுத்து. அதில் இன்ன எழுத்து இருக்கிறது, இன்ன எழுத்து இல்லை என்று மட்டும் தெரியும். அதை வைத்துக் கொண்டு வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு தடவைக்குள் முடிக்க வேண்டும். தினம் ஒரு வார்த்தை. காலையில் காபி டிகாக்ஷன் இறங்குவதற்குள் எனக்கு இந்த வேலை முடிந்தாக வேண்டும்.

“இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இந்தப் பைத்தியம்?” என்று எதிர் வீட்டு அம்மாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்கு வயது 67. படித்தது தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி.; 1975-ல் தேறினேன். இங்கிலீஷில் வாங்கிய மார்க்கை என் பெண்ணிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் எப்படி இந்த வலையில் விழுந்தாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவருக்கு உத்தியோகம் கணக்கு எழுதுவது, உயிர் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகையைக் கையில் எடுத்தாரானால் குறுக்கெழுத்துப் புதிர் முடியும் வரை வீடு தீப்பற்றி எரிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அவருக்குத் துணையாக ஒரு சிநேகிதர் வருவார். இருவரும் கூடத்தில் உட்கார்ந்து கொண்டு, “ஐந்து எழுத்து, இரண்டாவது ‘இ’, கடைசி ‘எல்’” என்று மந்திரம் ஜபிப்பதுபோல் ஜபிப்பார்கள். காபி கொண்டு வந்து வைப்பது, டம்ளரை எடுத்துக் கொண்டு போவது, இதுதான் அந்த யாகத்தில் என் பங்கு.

1986-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைய குறிப்பை இவர் உரக்கப் படித்து, தமிழில் அர்த்தமும் சொன்னார். கீழ்த்திசை நாடுகளில் மெல்லும் இலையாம். ஐந்து எழுத்தாம். இரண்டு பேரும் மோட்டைப் பார்த்து யோசித்துக் கொண்டிருந்தார்கள். டம்ளரை எடுக்கப் போன நான் வாய் தவறி, “வெற்றிலைதானே?” என்று சொல்லி விட்டேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். “சரி, அதற்கு இங்கிலீஷில் என்ன சொல்லு?” என்று கேட்டார் இவர். எனக்குத் தெரியவில்லை. “அதுதானே!” என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் டம்ளர்களோடு சமையலறைக்குப் போய், வெகு நேரம் குழாயைத் திறந்து விட்டுக் கொண்டு நின்றேன்.

மறுவாரம் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்காகப் பத்திரிகைகளை அடுக்கும்போது அந்தப் புதிரைப் பார்த்தேன். கட்டங்களில் இவருடைய முத்து முத்தான கையெழுத்து. ‘பி’, ‘இ’, ‘டி’, ‘இ’, ‘எல்’. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் காட்டி, “இது என்னம்மா?” என்று கேட்டேன். “பீட்டல், வெற்றிலை, மாமி” என்றாள். இவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு 36 வருஷம், இந்த வீட்டில் யாரும் என்னிடம் எந்த ஐந்தெழுத்து வார்த்தையும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

(இந்த இடத்தில் ஒரு சங்கடத்தைச் சொல்லி விடுகிறேன். நம் தமிழில் எழுதினால் பந்துக்கும் ‘பி’தான், பேனாவுக்கும் ‘பி’தான். மாம்பழத்துக்கான ‘மாங்கோ’ தமிழில் மூன்று எழுத்து, இங்கிலீஷில் ஐந்து. ஆகையால் என் கணக்கு உதைக்கிறதே என்று விரலை மடக்கிப் பார்க்க வேண்டாம். இங்கிலீஷில் எழுதி எண்ணுங்கள்.)

2022 ஆரம்பத்தில் லண்டனிலிருந்து என் பெண் பேசினாள். “அம்மா, ஊரெல்லாம் ‘வேர்டில்’ என்று ஒரு விளையாட்டு நடக்கிறது. உன் செல்போனிலேயே வரும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வார்த்தைதான். அதற்கு மேல் ஆடு என்றாலும் ஆட விடாது” என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை போட்டாலும் போதாது என்கிற உலகத்தில், ‘இன்றைக்கு இவ்வளவுதான், போய் உன் வேலையைப் பார்’ என்று சொல்கிற விளையாட்டு நல்ல விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும்.

முறை இதுதான். நாம் ஏதாவது ஓர் ஐந்தெழுத்து வார்த்தையைப் போட வேண்டும். சரியான எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை. எழுத்து சரி, இடம் தப்பு என்றால் மஞ்சள். அந்த எழுத்தே கிடையாது என்றால் சாம்பல் நிறம். முதல் வார்த்தையைக் குருட்டாம்போக்கில்தான் போட வேண்டும். ஆனால் குருட்டாம்போக்கிலும் ஒரு நிதானம் உண்டு. இங்கிலீஷில் அதிகமாகப் புழங்குகிற எழுத்துக்கள் ‘இ’, ‘ஏ’, ‘ஆர்’, ‘ஓ’, ‘டி’, ‘ஐ’, ‘எஸ்’ போன்றவை. அவற்றில் நாலைந்து இருக்கிற வார்த்தையாகப் பார்த்துப் போட்டால் கை கொடுக்கும். உலகத்தில் பலரும் ‘அடியூ’ என்று ஆரம்பிக்கிறார்களாம். அதில் நாலு உயிரெழுத்து இருப்பதால் சௌகரியம். ஆனால் அதற்கு அர்த்தம் ‘போய் வருகிறேன்’ என்பது. விடிந்ததும் விடியாததுமாக அதையா சொல்வது! நான் ‘ரெய்ஸ்’ என்றுதான் ஆரம்பிக்கிறேன். எழுப்பு என்று அர்த்தம். சுப்ரபாதம் மாதிரி இருக்கிறது.

இவருக்குத் தெரியாமல்தான் ஆடினேன். இந்த வயதில் திருட்டுத்தனம்! அடுப்புப் பக்கம் திரும்பிக் கொண்டு, மிக்ஸியை ஓட விட்டுக் கொண்டு ஆடுவேன். தெரியாத வார்த்தை வந்தால் மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அர்த்தத்தோடு எழுதி வைப்பேன். துவரம் பருப்பு இரண்டு கிலோ என்று ஒரு பக்கம், ‘நிம்ஃப்’ என்றால் வனதேவதை என்று மறுபக்கம். அந்த நோட்டில் உயிரெழுத்து ஐந்தும் இல்லாத வார்த்தைகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறேன். ‘ஏ, இ, ஐ, ஓ, யு’ ஒன்றுகூட இல்லாமல் ‘ஒய்’ என்ற ஒரே எழுத்தைக் கட்டிக் கொண்டு ஜீவிக்கிற வார்த்தைகள் அவை. ‘கிரிப்ட்’ என்றால் நிலவறைக் கல்லறை. ‘மிர்’ என்றால் வெள்ளைப்போளம், வாசனைப் பிசின். ‘ட்ரிஸ்ட்’ என்றால் முன்கூட்டியே பேசி வைத்துக் கொண்ட சந்திப்பு. 1947-ல் சுதந்திரம் வந்த அந்த நள்ளிரவில் நேரு தம் பிரசங்கத்தில் உபயோகித்த வார்த்தை அதுதான் என்று பிற்பாடு தெரிந்து கொண்டேன்.

இந்த விளையாட்டு பிறந்த கதையைக் கேட்டதும் எனக்கு இதன்மேல் ஒரு பாசமே வந்து விட்டது. கண்டுபிடித்தவர் பெயர் ஜாஷ் வார்டில். வேல்ஸ் நாட்டில் பிறந்து நியூயார்க்கில் வசித்த கம்ப்யூட்டர் என்ஜினீயர். வார்த்தை விளையாட்டில் பிரியம் உள்ள தம் துணைவி பாலக் ஷா என்ற பெண்மணிக்காக, வீட்டளவில் ஆடுவதற்காகச் செய்தாராம். தம் பெயரான வார்டிலையே கொஞ்சம் திருகி ‘வேர்டில்’ என்று வைத்தார். இங்கிலீஷில் ஐந்தெழுத்து வார்த்தை ஏறக்குறைய 12,000 இருக்கிறது. அத்தனையையும் வைத்தால் அகராதி எழுதியவரே திண்டாடுவார். ஆகவே அந்த அம்மாள் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து, தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்து, சுமார் 2,500 வார்த்தையாகக் குறைத்தாராம். யோசித்துப் பாருங்கள். 12,000 வார்த்தையை முறத்தில் போட்டுப் புடைத்து, கல்லையும் உமியையும் தள்ளி, மணியை மாத்திரம் எடுத்து வைத்திருக்கிறார் ஒரு பெண்பிள்ளை! ‘இந்த வார்த்தை உனக்குத் தெரியுமா?’ என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்று அவர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, வார்த்தையைத்தான் தள்ளியிருக்கிறார்கள்.

2021 நவம்பர் முதல் தேதி இதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் 3 லட்சம் பேர். 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை விலைக்கு வாங்கி விட்டது. பத்து லட்சம் டாலருக்குக் குறையாத தொகை. வீட்டில் செய்த வடாம் கம்பெனி சரக்கான மாதிரிதான்.

ஆட ஆட எனக்கு ஒரு ரகசியம் புலப்பட்டது. அதைச் சகோதரிகளுக்கு மட்டும் சொல்கிறேன். ஐந்தெழுத்து வார்த்தைகளில் பாதி சமையலறையில்தான் கிடக்கின்றன! வெங்காயம் ‘ஆனியன்’, ஐந்து எழுத்து. சீரகம் ‘கியூமின்’, ஐந்து. சர்க்கரை ‘ஷுகர்’, தேன் ‘ஹனி’, கோதுமை ‘வீட்’, மாவு ‘ஃப்ளவர்’, கத்தி ‘நைஃப்’, அடுப்பு ‘ஸ்டவ்’, கரண்டி ‘லேடில்’, சல்லடை ‘ஸீவ்’, துடைப்பம் ‘புரூம்’, எல்லாமே ஐந்து. மாவு பிசைந்தால் ‘நீட்’. தேங்காய் துருவினால் ‘கிரேட்’. அரைத்தால் ‘கிரைண்ட்’. ஆவியில் வேக வைத்தால் ‘ஸ்டீம்’. கோர்ட்டு, கச்சேரி, ஆபீஸ் என்று போனவர்கள் நீளம் நீளமான வார்த்தைகளைக் கட்டிக் கொண்டு அழட்டும், ஐந்தெழுத்து நம்முடையது.

அதற்கு அத்தாட்சியும் உண்டு. 2022 செப்டம்பரில் ஒரு நாள் வந்த வார்த்தை, பெரிய பெரிய கெட்டிக்காரர்களையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்து விட்டது. மாதக்கணக்கில் தோற்காமல் ஆடி வந்தவர்கள் அன்றைக்குத் தோற்றுப் போய்ப் புலம்பினார்கள். இரண்டாவது எழுத்து ‘ஏ’, கடைசி இரண்டும் ‘இ’, ‘ஆர்’. பேப்பராக இருக்கலாம், வாட்டராக இருக்கலாம், லேட்டராக இருக்கலாம்; டஜன் கணக்கில் இருக்கின்றன. விடை என்ன தெரியுமா? ‘பேரர்’. தோல் சீவுகிற கருவி! உருளைக்கிழங்குக்குத் தோல் சீவுகிறோமே, அது. லண்டனிலிருந்து என் பெண் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ‘அது தெரியாமலா இத்தனை கூப்பாடு?’ என்றேன். நானும் அன்றைக்கு ஆறாவது தடவையில்தான் தப்பினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இப்படி ஒரே வால் உள்ள வார்த்தைக் குடும்பங்கள்தான் அபாயம். ‘லைட்’ என்றால் வெளிச்சம், ‘நைட்’ என்றால் இரவு, ‘ஃபைட்’ என்றால் சண்டை, ‘மைட்’ என்றால் பலம், ‘சைட்’ என்றால் பார்வை. எல்லாவற்றுக்கும் கடைசி நாலு எழுத்து ஒன்றே. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆறு வாய்ப்பும் அம்பேல். அப்போது ‘ஃப்ளேம்’ என்று ஒரு வார்த்தை போடுவேன். தீச்சுடர். அதில் ‘எஃப்’பும் உண்டு, ‘எல்’லும் உண்டு, ‘எம்’மும் உண்டு. சண்டையா, வெளிச்சமா, பலமா என்பது ஒரே கல்லில் தெரிந்து விடும். இதை நானாகக் கண்டுபிடித்த அன்றைக்கு இவரிடம் சொல்ல வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும், நூறு வார்த்தை ஆகட்டும், பிறகு கூடத்தில் போய் உட்கார்ந்து சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்த நோட்டில் நான் முதன்முதலாக எழுதிய வார்த்தை எது என்பதை ஊகித்திருப்பீர்கள். வெற்றிலை. அதற்கு மேலே பாக்கைத் தேடினேன். ‘அரீகா’, ஐந்து எழுத்து. லவங்கத்தைத் தேடினேன். ‘குளோவ்’, ஐந்து எழுத்து! பாக்கு, வெற்றிலை, கிராம்பு. ஏ, பி, சி. இங்கிலீஷ்காரன் அரிச்சுவடியிலே தாம்பூலம் மடித்து வைத்திருக்கிறான், பாருங்கள்! அதிலும் பாதி நம்மிடமிருந்து போன சரக்குத்தான். மலையாளக் கரையில் போர்ச்சுக்கீசியர் 1498-ல் வந்து இறங்கினார்கள் அல்லவா? அங்கே வெற்றில என்றும் அடைக்கா என்றும் காதில் விழுந்ததைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி திருப்பிக் கொண்டார்கள். அவர்களிடமிருந்து இங்கிலீஷ்காரர் வாங்கிக் கொண்டார்கள். மாங்காய் ‘மாங்கோ’ ஆனதும் அந்த வழியில்தான். நம் கறிதான் ‘கரி’; அதுவும் அவர்கள் எழுத்தில் ஐந்து. அப்படிப் பார்த்தால் 1986-ல் நான் சொன்ன பதில் அவ்வளவு பெரிய தப்பில்லை.

நூறு வார்த்தை ஆவதற்குக் காலம் விடவில்லை. 2022 நவம்பரில், நல்ல மழை நாள். காலையில் எழுந்தவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வாய் அசைகிறது, வருவது பேச்சாக இல்லை. வலது கையில் இருந்த டம்ளர் நழுவி விழுந்தது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டு விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி எழுதப் போவதில்லை. உயிர் தப்பியது. கால் நடந்தது. கை பாதி வந்தது. வார்த்தைதான் வரவில்லை.

ஒன்றும் புரியாமல் போய் விட்டது என்று நினைத்து விடாதீர்கள். நாம் சொல்வது புரியும். கடிகாரத்தைப் பார்த்தால் அது கடிகாரம் என்று தெரியும். அதன் பெயர்தான் வராது. தண்ணீர் வேண்டும் என்றால், “அது... அது...” என்று கையை ஆட்டுவார். சில சமயம் தண்ணீருக்கு நாற்காலி என்பார். சொன்ன மறு விநாடியே அது தப்பு என்று அவருக்கே தெரிந்து விடும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. என்னிடம் கேட்டுக் கேட்டு இங்கிலீஷ் இல்லை என்று சிரித்த மனிதருக்கு இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த அந்தப் பழைய கோபம் இருக்கிறதே, அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், பொறுமையோ பூமாதேவியின் பொறுமை. குடைப் படத்தைக் காட்டுவாள். இவர் விழிப்பார். உடனே சொல்லி விட மாட்டாள். “கு...” என்று உதட்டைக் குவித்துக் காட்டிக் காத்திருப்பாள். சில சமயம் “குடை” என்று வந்து விடும். “வார்த்தை அழிஞ்சு போகலைம்மா. எடுக்கிற வழிதான் சிக்கலா இருக்கு. முதல் எழுத்தைக் கொடுத்தா சில சமயம் வரும். நீங்களே முழுசா சொல்லிடாதீங்க. காத்திருங்க” என்றாள்.

எழுத்தைக் கொடுத்து விட்டு வார்த்தைக்குக் காத்திருப்பது! அதைத்தானே பத்து மாதமாக மிக்ஸி சத்தத்தில் நான் பண்ணிக் கொண்டிருந்தேன்!

பரண்மேல் என் பெண் சின்ன வயதில் ஆடிய ஸ்கிராபிள் பெட்டி இருந்தது. இறக்கித் தூசி தட்டினேன். எழுத்து வில்லைகள் 100 இருக்க வேண்டும், ஏழு காணோம். காணாமல் போனவற்றுக்குச் சட்டைப் பொத்தான் வைத்துக் கொண்டேன். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரும் ஒரு சுவாரசியமான மனிதர்தான். ஆல்ஃபிரட் பட்ஸ் என்று அமெரிக்கர். கட்டட வரைபடம் போடுகிறவர். 1930-களில் அங்கே பெரிய பொருளாதார மந்தம் வந்தபோது வேலை போய் விட்டது. சும்மா இருக்கிற கையாக, பத்திரிகைகளை எடுத்து எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணினார். அந்தக் கணக்குப்படிதான் ‘இ’க்குப் பன்னிரண்டு வில்லை, ‘க்யூ’வுக்கும் ‘இசட்’டுக்கும் ஒவ்வொன்று. ‘எஸ்’ மட்டும் வேண்டுமென்றே நாலோடு நிறுத்தி விட்டார். இல்லாவிட்டால் எல்லாரும் எந்த வார்த்தைக்கும் வாலில் ஓர் ‘எஸ்’ ஒட்டிப் பன்மையாக்கியே ஜயித்து விடுவார்களே! 1948-ல்தான் அதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வந்தது. அவர் மனைவி நீனா, முன்பு பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். இந்த ஆட்டத்தில் தம்மைவிட அவரே கெட்டிக்காரி என்று பட்ஸ் ஒப்புக் கொண்டாராம். அவர் ஒப்புக் கொண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தினம் சாயங்காலம் நாலு மணிக்கு இவரை ஊஞ்சலில் உட்கார வைத்து எதிரே பலகையைப் போடுவேன். தமிழ் வார்த்தைக்கு அந்தப் பெண் கொடுத்த படங்கள். இங்கிலீஷ் வார்த்தைக்கு வில்லைகள். ஐந்து இடம், இரண்டு எழுத்தை நான் வைப்பேன், அர்த்தத்தைத் தமிழில் சொல்வேன். மீதி மூன்றை அவர் இடது கையால் தேடி வைக்க வேண்டும். முதல் நாள் வைத்தது ‘பிரெட்’, ரொட்டி. முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு வார்த்தையை நான் சொல்லி விடாமல் வாயைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது வாரம் ‘வாட்டர்’ வந்தது. வைத்து விட்டு, “தண்ணி” என்று வாயாலும் சொன்னார். நான் உள்ளே போய், மறுபடியும் குழாயைத் திறந்து விட்டுக் கொண்டு நின்றேன்.

பிற்பாடு என் பெண் இன்னொரு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். ஆலிஸ் என்ற சிறுமியின் அற்புத உலகக் கதையை எழுதிய லூயிஸ் கரோல் இருந்தார் அல்லவா? 1877 கிறிஸ்துமஸின்போது, பொழுது போகாத இரண்டு சிறுமிகளுக்காக அவர் கண்டுபிடித்தது. 1879-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் புதிராக வந்தது. ஒரு வார்த்தையில் ஒரே ஓர் எழுத்தை மாற்ற வேண்டும். மாற்றியதும் வேறு வார்த்தை வர வேண்டும். அப்படியே படிப்படியாகப் போய், சொன்ன வார்த்தையில் இறங்க வேண்டும். மாவை ரொட்டியாக்கு என்று ஒரு புதிர். ‘ஃப்ளவர்’ மாவு. ஓர் எழுத்தை மாற்றினால் ‘ஃப்ளோர்’, தரை. அப்புறம் ‘ஃப்ளட்’, வெள்ளம். ‘பிளட்’, ரத்தம். ‘புரூட்’, ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள். ‘பிராட்’, அகலம். கடைசியில் ‘பிரெட்’, ரொட்டி. மாவு தரையில் கொட்டி, வெள்ளத்தில் போய், ரத்தம் பார்த்துத்தான் ரொட்டியாகிறது! குடும்பம் நடத்தியவர் யாரோதான் இதை யோசித்திருக்க வேண்டும் என்றேன். “அவர் கல்யாணமே பண்ணிக்கலை, அம்மா. காலேஜில் கணக்கு வாத்தியார்” என்றாள் பெண். இந்தப் படியேற்றத்தில் வில்லை ஒன்றை எடுத்து ஒன்றை வைத்தால் போதும் ஆகையால் இவருடைய இடது கைக்குச் சுலபமாக இருக்கிறது. வெள்ளத்திலிருந்து ரத்தத்துக்கு இப்போதெல்லாம் தாமே தாவி விடுகிறார்.

இதனால் வியாதி குணமாகும் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. பயிற்சி கொடுத்த பெண்ணின் உழைப்பு, மருந்து, நாள், எல்லாம் சேர்ந்து எந்த அளவுக்கோ வந்திருக்கிறது. இன்னமும் அவரால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாது. பத்திரிகையில் குறுக்கெழுத்துப் பக்கம் வந்தால் திருப்பி விடுகிறார். நான் அதைப் பார்க்காதது போல் இருந்து விடுகிறேன்.

காலை வேர்டிலை மட்டும் நான் விடவில்லை. முடித்ததும் அந்தப் பச்சை, மஞ்சள் கட்டங்களை லண்டனுக்கு அனுப்பி விட வேண்டும். அதில் எழுத்து இருக்காது, நிறம்தான் இருக்கும். எனக்குப் பொழுது விடிகிற நேரத்தில் அவளுக்கு நடுநிசி. அந்த ஊரில் பன்னிரண்டு அடித்தால்தான் அவளுக்குப் புது வார்த்தை கிடைக்கும். இந்த ஒரு விஷயத்திலாவது பெண்ணைவிட நான் முந்தி. ஒரு நாள் மறந்து விட்டால் பத்து மணிக்கெல்லாம் போன் அடிக்கிறது. “ஏன் அனுப்பலை? அப்பாவுக்கு என்ன?” என்கிறாள். அவள் பயத்துக்கும் காரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில், தனியாக இருந்த 80 வயது அம்மாள் ஒருவரை, வீட்டுக்குள் புகுந்த ஓர் ஆள் மணிக்கணக்கில் அறையில் அடைத்து வைத்து விட்டான். தினம் வருகிற வேர்டில் கட்டம் அன்றைக்கு வரவில்லையே என்று தூரத்து ஊரில் இருந்த பெண்ணுக்குச் சந்தேகம் தட்டியது. போலீசுக்குச் சொல்லி, அவர்கள் போய் அந்த அம்மாளை மீட்டார்கள். ஆகவே என் கட்டங்கள் லண்டனுக்குப் போய்ச் சொல்கிற செய்தி என்னவென்றால், அம்மா எழுந்து விட்டாள், அப்பா தூங்குகிறார், டிகாக்ஷன் இறங்கிக் கொண்டிருக்கிறது என்பதுதான். மூன்றாவது தடவையில் கண்டுபிடித்தேனா, ஐந்தாவது தடவையிலா என்பது அப்புறம்.

2024 கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். சாயங்காலம் பலகையைப் போட்டு விட்டு, அணைந்த அகல்களை எடுத்து வைக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் இவர் தாமே வில்லைகளைக் கிளறிக் கொண்டிருந்தார். ஐந்து இடத்தில் மூன்றை வைத்திருந்தார். இரண்டாவது ‘இ’, நாலாவது ‘இ’, கடைசி ‘எல்’. என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்ன?” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. கேள்வி எனக்கு! அவர் புதிர் போட்டிருக்கிறார். நான் பதில் சொல்ல வேண்டும்.

“ஜுவல்? நகைதானே?” என்றேன். தலையை ஆட்டினார். “ரெபல்? கலகக்காரி?” என்றேன். சிரித்து விட்டார், ஆனால் அதுவும் இல்லை. “ரிபெல்? விரட்டுவது?” இல்லை. “என்னங்க, ஒரு குறிப்பாவது கொடுங்க” என்றேன்.

வெகு நேரம் யோசித்தார். நெற்றியில் வியர்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி காத்திருந்தேன். தெருவில் யாரோ மிச்சப் பட்டாசைக் கொளுத்திக் கொண்டிருந்தார்கள்.

“மெல்லு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஞாபகம் இருந்ததோ இல்லையோ, நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்து விட்டது. ஆனாலும் உடனே சொல்லவில்லை. “இருங்க, யோசிச்சுச் சொல்றேன்” என்று சமையலறைக்குப் போய், பூஜைக்கு வாங்கியதில் நாலு வெற்றிலை மீந்திருக்கிறதா என்று பார்த்து, அலம்பி, நரம்பு கிள்ளி, ஆற அமரச் சுண்ணாம்பு தடவினேன். 38 வருஷம் கழித்துக் கேட்கிறார். ஐந்து நிமிஷம் காத்திருக்கட்டுமே!